அசையாத நூற்று நாற்பத்தாறு

என் பிபி மடே சுவித்ரியைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு முன்பு ஒருபோதும் தோன்றியதில்லை. பிபி என்றால் எனக்கு சித்தி. ஒரே மதிலுக்குள் எங்கள் வீடும் அவர் வீடும். காலையில் அவர் ஸ்கூட்டர் உறுமும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். தினமும் பார்க்கிற ஆளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இந்த வருஷம், எங்கள் தீவே விளக்கும் வேலையும் சத்தமும் இல்லாமல் அடங்கும் ஞெப்பி நாளில் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நடந்ததை இன்னும் என்னால் முழுதாக நம்பவும் முடியவில்லை.

பிபி பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். சுற்றுலா ஊரான உபுத்தில் ஒரு ஓட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் வேலையில் பல வருஷம் இருந்தார். தொற்றுநோய்க் காலத்தில் விமானங்கள் நின்றன, ஓட்டலும் மூடியது. ஊருக்குத் திரும்பி வந்து எரிமலை மணல் அள்ளும் இடத்தில் கூடை சுமந்தார். தோளில் தழும்பு இருக்கிறது. அதைக் காட்டி, "இது என் காலேஜ் சர்டிபிகேட்" என்பார்.

பிறகுதான் தலைநகர் டென்பசாரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. சர்க்கரை நோய்க்காரர்களின் மேல்கையில் ஒட்டுகிற வில்லை ஒன்றை அவர்களே தங்கள் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தார்கள். கோட்டுப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதன் அடியில் முடியைவிட மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போகும். இழையின் மேல் ஏதோ ஒரு நொதியைப் பூசியிருக்கிறார்கள். அது உடம்பில் உள்ள சர்க்கரையை உணர்ந்து செல்போனுக்குச் சொல்லும். திரையில் எண் வரும். நன்றாக இருந்தால் பச்சை, ஏறினாலோ இறங்கினாலோ மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு. வெளிநாட்டு வில்லைகள் வாங்கக்கூடிய விலையில் இல்லை. இது எங்கள் ஊர்க்காரர்களாலும் வாங்க முடிந்தது. மலைக் கிராமங்களுக்குப் போய் வில்லையை ஒட்டி, செல்போனில் சரிசெய்து, பயத்தைப் போக்கிவிட்டு வர ஆள் தேவைப்பட்டது. பிபியை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வேலை அவருக்காகவே செய்துவைத்தது போல் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காப்பி, பிறகு அரட்டை, கடைசியில்தான் வில்லை. வாங்கமாட்டேன் என்று வீம்பு பிடித்த கிழவர்கள்கூட அவர் எழுந்து கிளம்பும்போது கையை நீட்டிக்கொண்டிருப்பார்கள்.

தொல்லை ஒன்றே ஒன்றுதான். எங்கள் மலையில் சிக்னல் வரும், போகும். சிக்னல் போனவுடன் திரையில் எண் மறைந்து இரண்டு கோடுகள் தெரியும். அதைப் பார்த்ததும் எல்லோரும் பதறிப்போய் பிபிக்குப் போன் போடுவார்கள்.

"மடே, என் சர்க்கரையக் காணோம்."

"எங்க வெச்சீங்க பாருங்க, அலமாரில இருக்கும்."

"விளையாடாத. ரெண்டு கோடுதான் வருது. செத்துட்டேனா?"

"செத்தா போன் பண்ண முடியுமா பாக்?"

பெரியவர்களைப் பாக் என்று கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை. இப்படி ஒரு நாளைக்குப் பத்து அழைப்பு. சாப்பிடவும் விடமாட்டார்கள். சிலர் பயத்தில் வில்லையையே பிய்த்து எறிந்தார்கள். ஒரு கூட்டத்தில் பிபி எழுந்து சொன்னார்: அந்தக் கோடுகளை எடுத்துவிடுங்கள், கடைசியாக வந்த எண்ணையே காட்டுங்கள், சிக்னல் வந்ததும் மாறிக்கொள்ளட்டும். கம்பெனிக்காரர்கள் அப்படியே செய்தார்கள். அழைப்புகள் நின்றன. வில்லை பிய்ப்பதும் நின்றது. மக்களைப் புரிந்துகொண்ட ஆள் என்று பாராட்டி, அலுவலகச் சுவரில் பிபியின் படத்தை மாட்டினார்கள். சித்தப்பா அதை வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எங்கள் பஞ்சாரில், அதாவது எங்கள் ஊர்ப்பகுதியில், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் பாக் லானுஸ் ஒருவர்தான். மற்றவர்களுக்கு மாத்திரை. பாக் லானுஸ் ஆரஞ்சுத் தோட்டக்காரர். ஊர்க்காவல் பார்க்கும் பெச்சாலாங்குகளுக்கு நீண்ட காலம் தலைவராக இருந்தவர். ஞெப்பி அன்று ஒரு வீட்டின் கதவிடுக்கில் வெளிச்சம் கசிந்தாலும் வந்து நின்றுவிடுவார் என்று இன்றும் சொல்வார்கள். வில்லை ஒட்டும்போது அவர் பிபியிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: "என் பொண்டாட்டி கையிலயும் ஒண்ணு ஒட்டிடு. கோபம் எவ்வளவு ஏறுதுன்னு நானும் பாத்துக்கறேன்." அவர் மனைவி கெந்த்ரி அடுப்படியிலிருந்தே, "அந்த எண்ணு உங்க போன்ல அடங்காது" என்றார்.

ஞெப்பிக்கு முந்தின நாள் மாலை, பூதப் பொம்மை ஊர்வலத்துக்கு ஊரே தெருவில் கூடியிருந்தபோது பாக் லானுஸ் பிபியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நான் முழு விரதம். சோறு தண்ணி இல்ல, பேச்சும் இல்ல."

"மௌன விரதம் இருங்க, எங்க காதுக்கும் நல்லது. சோத்த விடாதீங்க. டாக்டர் கூடாதுன்னாரே."

"டாக்டர் ஜாவாக்காரர். ஞெப்பியப் பத்தி அவருக்கென்ன தெரியும்? போன வருஷமும் விடல, அதுக்கு முந்தின வருஷமும் விடல. எனக்கு அறுபத்தெட்டாச்சு மடே. இன்னும் எத்தனை ஞெப்பி இருக்கு?"

பிபி யோசித்தார். எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். பேரம் பேசும் முகம்.

"சரி. ஊசி பாதிதான் போடணும். மணிக்கு ஒருதரம் போனப் பாக்கணும். எண்பதுக்குக் கீழ போச்சுன்னா விரதத்த முறிச்சு சாப்பிட்டுடணும். சத்தியம் பண்ணுங்க."

"எண்பதுக்குக் கீழ போனா சாப்பிடறேன். சத்தியம்." சிரித்துக்கொண்டே மேல்கையைத் தட்டிக் காட்டினார். "இது இருக்கறப்ப எனக்கென்ன பயம்?"

ஞெப்பி அன்று காலை ஆறு மணிக்கு எப்போதும்போல் தீவு முழுவதும் செல்போன் இணையம் நின்றது. பேசுவதற்கு மட்டும் வழி உண்டு. அதையும் அவசரம் இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். தீ இல்லை, வேலை இல்லை, வெளியே போவது இல்லை, கேளிக்கை இல்லை. இணையம் நிற்பது கம்பெனிக்கும் தெரியும். முந்தின நாளே எல்லோருக்கும் செய்தி அனுப்பியிருந்தார்கள்: நாளை எங்கள் மையத்துக்குத் தகவல் வராது, உங்கள் திரையில் உள்ள எண்ணை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வில்லை செல்போனோடு நேராகப் பேசுகிறது, நடுவில் இணையம் எதற்கு என்றுதான் பிபி நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மதியம் தாண்டியிருக்கும். நாங்கள் முற்றத்து மேடையில் படுத்துக்கிடந்தோம். என் அப்பா மட்டும் அடுப்படிப் பக்கம் போய்ப் போய் வந்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு, வில்லையும் உண்டு. முந்தின நாள் செய்த தேங்காய்வெல்ல அரிசிக் கொழுக்கட்டை அங்கே மூடிவைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து பிபியின் காதருகே குனிந்தார். பிபி அவரை பிளி, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்.

"மடே, உன் வில்லை ரொம்ப பக்திமான். அதுவும் ஞெப்பி அனுசரிக்குது."

"என்ன பிளி?"

"அஞ்சு கொழுக்கட்டை உள்ள போயிருக்கு. ஒரு மணி நேரமாச்சு. நூத்து முப்பத்தொண்ணுலேருந்து நகர மாட்டேங்குது. எனக்குப் பிடிச்சிருக்கு. தினமும் ஞெப்பியா இருந்தா தேவலை."

பிபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. அப்பாவின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கிப் பார்த்தார். நூற்று முப்பத்தொன்று, பச்சை. எழுந்து போய்த் தன் பையைக் கொண்டுவந்து, விரல் குத்தும் பழைய கருவியை எடுத்தார். அப்பா கையை இழுத்துக்கொள்வதற்குள் குத்திவிட்டார். கருவியில் இருநூற்று அறுபத்தேழு என்று வந்தது.

பிபி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலைல ஆறு மணிக்கு என்ன இருந்துச்சு பிளி?" என்று கேட்டார்.

"இதேதான். எழுந்தப்பவும் நூத்து முப்பத்தொண்ணு."

பிபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாக் லானுஸுக்கு அழைத்தார். மணி அடித்து அடித்து நின்றது. ஞெப்பி அன்று யார் எடுப்பார்கள்? கெந்த்ரிக்கு அழைத்தபோதும் அப்படியே. பிறகு டென்பசார் மையத்துக்கு அழைத்தார். அங்கே காவலுக்கு ஒரு இளம் என்ஜினியர் இருந்தான். பிபி ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் அவன் பேசியது எனக்கும் கேட்டது. பிபியை அவன் எம்போக், அதாவது அக்கா, என்று கூப்பிட்டான்.

"நெட் இல்லன்னா போன்ல வர்ற எண்ணு எந்த எண்ணு?"

"கடைசியா வந்தது, எம்போக். வில்லை வெறும் மின்சார அளவைத்தான் அனுப்பும். அதை சர்க்கரைக் கணக்கா மாத்தறது இங்க, நம்ம சர்வர்ல. நெட் இல்லன்னா கணக்கு இல்ல."

"அப்போ நேத்து, திரையப் பாத்துக்கோங்கன்னு செய்தி அனுப்பினீங்களே."

"அது விளம்பரப் பிரிவு அனுப்பினது. அவங்களுக்கு இது தெரியாதுபோல." கொஞ்சம் தயங்கினான். "முன்னாடின்னா ரெண்டு கோடு வந்திருக்கும். நீங்கதான எம்போக் அதை எடுக்கச் சொன்னீங்க. அஞ்சு நிமிஷம் பத்து நிமிஷம் சிக்னல் போறதுக்குன்னு நெனச்சுதான் நாங்களும் மாத்தினோம். ஒரு நாள் முழுக்கன்னு..." அவன் நிறுத்திவிட்டான். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"ஊசி போடறவங்க எல்லாருக்கும் ஒவ்வொருத்தரா போன் போடு. எடுக்கலன்னா அந்தந்த ஊர் பெச்சாலாங்குக்குப் போடு. இப்பவே." பிபியின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். தனியாகப் போகவேண்டாம் என்று அப்பா என்னையும் அனுப்பினார். நான் பிறந்ததிலிருந்து ஞெப்பி அன்று எங்கள் வாசல் கதவு திறந்து பார்த்ததில்லை. தெருவில் ஒரு ஆள் இல்லை. கோழிகள் மட்டும் நடுத்தெருவில் நடந்துகொண்டிருந்தன. எங்கள் செருப்புச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது.

முக்குச் சந்தில் கட்டம்போட்ட துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வயன் ரெபோ உட்கார்ந்திருந்தார். பெச்சாலாங். பிபியோடு ஒரே வகுப்பில் படித்தவர். எங்களைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

"ஏ மடே, எங்க போற? பைத்தியமா?" கத்துவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு ரகசியமாகப் பேசினார்.

"பாக் லானுஸப் பாக்கணும். உயிர் போற விஷயம்."

"அவர் மௌன விரதத்துல இருக்கார். எனக்குக் காவல் சொல்லிக்குடுத்தவரே அவர்தான். அவர் வீட்டுக் கதவ ஞெப்பி அன்னிக்குத் தட்டினா நாளைக்கு என் தோல உரிச்சுடுவார்."

"உரிக்க அவர் இருக்கணுமில்ல? வா."

ரெபோ பிபியின் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார்.

பாக் லானுஸ் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்ததும் கெந்த்ரி எங்களை எதிர்கொண்டு வந்து, உதட்டில் விரலை வைத்தார். முகத்தில் கோபம் இருந்தது, அதற்கு மேல் ஒரு பெருமையும் இருந்தது. காதோடு காதாகச் சொன்னார்.

"சத்தம் போடாதீங்க. காலைலேருந்து ஒரு வார்த்தை இல்ல. இத்தனை வருஷத்துல இப்பதான் ஒழுங்கா இருக்கார்."

"எம்போக், அவர் எங்க?"

"உள்ள, படுத்துட்டே தியானம். போன் நான்தான் பாத்துக்கறேன், நீ சொன்ன மாதிரியே மணிக்கு ஒருதரம்." மடியிலிருந்து செல்போனை எடுத்துக் காட்டினார். "பாரு. நூத்து நாப்பத்தாறு. பச்சை. ஒரு புள்ளி இறங்கல. சாமி கூட இருக்கு."

பிபி அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பாக் லானுஸ் பாயில் ஒருக்களித்துக் கிடந்தார். வெள்ளைச் சட்டை ஈரத்தில் உடம்போடு ஒட்டியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. வாயோரத்தில் எச்சில் வழிந்திருந்தது. பிபி கன்னத்தில் தட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தினார். தொண்டையில் ஒரு முனகல் வந்தது, அவ்வளவுதான். விரலைக் குத்தினார். கருவியில் எண்ணே வரவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்று காட்டும் எழுத்துகள் மட்டும் வந்தன.

"தேன் இருக்கா? வெல்லப்பாகு? எதாவது குடுங்க எம்போக்."

கெந்த்ரி அசையவில்லை. கையில் செல்போனைப் பிடித்தபடி நின்றார். "நூத்து நாப்பத்தாறு காட்டுதே" என்றார். மறுபடியும் அதையே சொன்னார்.

நான்தான் அடுப்படியில் தேடித் தேன் பாட்டிலைக் கொண்டுவந்தேன். பிபி அவரை ஒருக்களித்தபடியே வைத்து, விரலில் தேனை எடுத்துக் கன்னத்தின் உட்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினார். ரெபோ திண்டாடிக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்தார். ஆம்புலன்சுக்கு ஞெப்பி அன்றும் தடை இல்லை. ரகசியக் குரலிலேயே முகவரி சொன்னார். அந்தப் பக்கம் கேட்கவில்லை போலும். "சத்தமாப் பேசுடா" என்று பிபி கத்தினார். அந்தக் கத்தல் மதில் தாண்டி எத்தனை வீட்டுக்குக் கேட்டிருக்கும் என்று தெரியவில்லை.

அப்போதுதான் கெந்த்ரி தரையில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மத்தியானம் எழுந்து உக்காந்தார். கை நடுங்கிச்சு. என்னையே பாத்தார். கண்ணுல தண்ணி. வாயத் திறந்து என்னமோ சொல்ல வந்தார். நான் விடல."

"விடலன்னா?"

"வாயப் பொத்தினேன். விரதம் முறிஞ்சிடக் கூடாதுன்னு. போனக் காட்டினேன், பச்சை பாருங்கன்னு. பாத்தார். அப்புறம் படுத்துக்கிட்டார்."

பிபியின் விரல் பாக் லானுஸின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நான் பிபியைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். பாதித் தேன் பாட்டில் தீர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்தது. விளக்கு போடாமல், சங்கு ஊதாமல், காலி மலைப்பாதையில் இரண்டு பெச்சாலாங்குகள் முன்னால் மோட்டார் சைக்கிளில் போக, அவரைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் எங்கள் ஊரில் எல்லோரும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் நாள். பிபி யார் வீட்டுக்கும் போகவில்லை. விடிந்ததும் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வண்டியை விட்டார். வழியில் அவர் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த என்ஜினியர்தான். மற்ற ஊர்களில் இரண்டு பேருக்குத் தாழ்ந்திருந்தது, சமயத்தில் கண்டுபிடித்துச் சாப்பிடவைத்துவிட்டார்கள் என்றான். பிபி "ம்" என்று மட்டும் சொன்னார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் கெந்த்ரி நேற்றைய உடையிலேயே இருந்தார். பாக் லானுஸுக்குச் சர்க்கரை சரியான அளவுக்கு ஏறிவிட்டதாம், ஆனால் அவர் விழிக்கவில்லையாம். மூளை எவ்வளவு நேரம் பட்டினி கிடந்தது என்று தெரியாததால் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

பிபி கெந்த்ரியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"எம்போக், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த எண்ணு நிக்கறதுக்குக் காரணம் நான்தான். சிக்னல் போனா கோடு வரும், ஞாபகம் இருக்கா? எல்லாரும் பயப்படறாங்கன்னு நான்தான் கம்பெனில சொல்லி எடுக்கவெச்சேன். கோடு வந்திருந்தா நீங்க என்னக் கூப்பிட்டிருப்பீங்க."

கெந்த்ரி பெஞ்சிலிருந்து குனிந்து பிபியின் முகத்தைப் பார்த்தார். அறைந்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"விரதத்துக்கு ஒத்துக்கிட்டதும் நீதான்" என்றார்.

"ஆமா."

"அவர் சாகறதுக்கு உன்கிட்ட அனுமதி வாங்கினாரு. என்கிட்ட கேக்கல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கேட்டிருந்தா நானும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். போடி. உன்ன என்ன பண்ணச் சொல்ற? வாயப் பொத்தினது நீ இல்ல."

 அதற்குப் பிறகும் பிபி தரையை விட்டு எழவில்லை.

பகல் ஏறிய நேரத்தில் நர்ஸ் வந்து, அவர் கண் திறந்திருக்கிறார், ஆனால் எதற்கும் பதில் இல்லை, மனைவி வந்து பேசிப் பாருங்கள் என்றார். கெந்த்ரி போனார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. அவர் முதலில் மெதுவாகத்தான் கூப்பிட்டார். பிறகு ஆரஞ்சு மரங்களைப் பற்றி, பேரனைப் பற்றி ஏதேதோ சொன்னார். உள்ளிருந்து வேறு சத்தம் இல்லை. திடீரென்று அவர் குரல் உயர்ந்தது.

"பேசுங்க. ஞெப்பி முடிஞ்சுடுச்சு. கேக்குதா? முடிஞ்சுடுச்சு. நாப்பத்தஞ்சு வருஷமா வாய மூட வெக்க முடியல, இப்ப என்ன? திட்டுங்க. என்ன அறிவுகெட்டவளேன்னு சொல்லுங்க. எதையாவது சொல்லித் தொலைங்க."

நர்ஸ் ஓடிவந்து அவரை அடக்கப் பார்த்தார். கெந்த்ரி நிறுத்தவில்லை. நடைவழியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிபி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல்கள் வலித்தன, நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

கெந்த்ரி மூச்சு வாங்க நின்ற அந்த இடைவெளியில், குழறலாக, பாதி முழுங்கியதுபோல ஒரு சொல் கேட்டது.

"தண்ணி."

உள்ளே கெந்த்ரி அழ ஆரம்பித்தார். பிபி என் கையை விட்டுவிட்டு, குடிதண்ணீர் வைத்திருக்கும் இடத்தை நோக்கி ஓடினார். பிறகு பாதி வழியில் நின்றார். கொடுக்கலாமா என்று நர்ஸிடம் கேட்பதற்காகத் திரும்பி வந்தார்.